வளைவில் வழி கேட்டவர்கள்

இது கட்டுக்கதை இல்லை. கதை கட்டுகிற வேலை எனக்கு வராது. நான் சாலை வரைகிறவன். பெயர் தயாபரன். ஈப்போவில் ஒரு பொறியியல் கம்பெனியில் பல வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் "போயி வேலையப் பாருங்கப்பா" என்று எழுந்து போகிற ஆள். அப்படிப்பட்டவன் இதை எழுதுகிறேன் என்றால் யோசித்துப் பாருங்கள். இத்தனை நாள் வாயைத் திறக்காததற்குக் காரணம் பயம் இல்லை, வெட்கம். இப்போது எழுதும்போதும் காது இரண்டும் சுடுகிறது.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

தெமாலாங் என்று ஒரு சின்ன டவுன். அதைச் சுற்றிப் போக ஒரு நால்வழிச் சாலை. வரைந்தது நான்தான். பழைய சாலை நேராக டவுனுக்குள் போகும். வழியில் பெரிய குட்டை ஒன்று, அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளம். அதன் மேல் ஒரு பாலம் இருந்தது. பாலம் ஆட்டம் கண்டுவிட்டதால் இடித்துவிட்டோம். புதுச் சாலை பழைய சாலை மேலேயே வந்து, குட்டைக்கு முன்னால் இடப்பக்கம் வளைந்து சுற்றிக்கொண்டு போகும். பழைய சாலையின் மிச்சத் துண்டு மட்டும் நேராகப் போய், பாலம் இல்லாத கரையில் முடியும். அந்தத் துண்டின் வாயில் சிவப்பும் வெள்ளையுமாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகள் வைத்தோம். அவ்வளவுதான். காகிதத்தில் அந்த வளைவு அத்தனை அழகாக இருக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாலையை வரைந்தவனே அது பத்திரமானது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாது. சம்பந்தமே இல்லாத வெளியாள் ஒருவர் வந்து தணிக்கை செய்ய வேண்டும். வரைபடத்தைப் பார்ப்பார். திறப்பதற்கு முன்னால் சாலையைப் பகலில் பார்ப்பார். இரவிலும் கட்டாயம் பார்ப்பார். குறைகளை வரிசையாக எழுதித் தருவார். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாங்கள் 'ஏற்கிறோம்' அல்லது 'ஏற்கவில்லை' என்று எழுத வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

எங்களுக்கு வந்தவர் புவான் சல்மியா. புவான் என்றால் மலாயில் அம்மையார். ஐம்பதைத் தாண்டிய அம்மா. குள்ளம். பேனாவைத் தலைமுக்காட்டில் செருகிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுவார். கூட்டத்தில் அவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"பதினாலாவது குறை. பழைய ரோட்டுல வரிசையா வெளக்குக் கம்பம் நிக்கிது. ராத்திரியில ரோடு எங்க போவுதுன்னு வண்டி ஓட்டுறவன் வெளக்கப் பாத்துத்தான் முடிவு பண்ணுவான். நீங்க ரோட்ட வளைக்கிறீங்க. வெளக்கு அவன நேரா வான்னு கூப்பிடுது. நேரா போனா குட்டை."

நான் வரைபடத்தை விரித்துத் தட்டினேன். "எங்க புவான் வெளக்கு? என் வரைபடத்துல ஒரு கம்பமும் இல்லையே."

உண்மையிலேயே இல்லை. எங்கள் ஒப்பந்த எல்லை வரைக்கும்தான் நாங்கள் வரைவோம். அதற்கு அப்பால் காகிதம் வெள்ளை. அந்தக் கம்பங்கள் நகராண்மைக் கழகத்துச் சொத்து, வெள்ளைப் பகுதியில் நின்றன. யாரும் அணைக்கச் சொல்லவில்லை. அதனால் அவை பாட்டுக்கு எரிந்தன.

"நீங்க வரையலன்னா அது எரியாம இருந்துடுமா, மிஸ்டர் தயா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. என் முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒண்ணு கேக்குறேன் புவான்," என்றேன். "நீங்க இப்படி வந்து வந்து குறை சொல்றதால எத்தன விபத்து கொறஞ்சிருக்கு? நடக்காத விபத்துக்குக் கணக்கு காட்டுங்க பாப்போம். பொழச்சவன் ஒருத்தனையாவது காட்டுங்க."

அறையே சிரித்தது. எனக்கு ஜிவ்வென்று இருந்தது.

அந்த அம்மா கோபப்படவில்லை. "வெளியாள் பாத்துத் திருத்துன ரோட்டுல சாவு கொறையுது. நிறைய ரோட்ட ஒண்ணா வச்சி எண்ணிப் பாத்தா தெரியுது. ஆனா யாரு பொழச்சதுன்னு சொல்ல முடியாது. பொழச்சவங்களுக்கே தெரியாதே. வீட்டுக்குப் போயி, சோறு தின்னுட்டுத் தூங்கிடுவாங்க."

நான் பதினாலாவது குறைக்கு எதிரே எழுதினேன். 'ஏற்கவில்லை. ஒப்பந்த எல்லைக்கு வெளியே உள்ளது.' கையெழுத்தும் போட்டேன்.

அது நோன்பு மாதம். ஐந்து நாளில் திறப்பு விழா. ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்புகிற ஜனங்கள் புதுச் சாலையில்தான் போக வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். இரவுத் தணிக்கை மட்டும் பாக்கி. வரைந்தவன் அதற்கு வர வேண்டிய அவசியம் இல்லை. நான் போனேன். அந்த அம்மா பதினாலாவதை மறுபடி கிளறக் கூடாது, அதற்குத்தான் போனேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

சாலை போட்ட குத்தகையாளரின் மேற்பார்வையாளர் வோங்கும் வந்திருந்தான். வாய் ஓயாத மனுஷன். சாலையின் இரண்டு முனையிலும் கேட் போட்டு, காவலாளி நிறுத்தி, மூடி வைத்திருந்தான்.

"கோழிகூட உள்ள வராது, பாஸ்," என்றான். "வந்தா நான் அறுத்துக் கொழம்பு வச்சிடுவேன்."

"நோன்புக்காரி முன்னால கொழம்பப் பத்திப் பேசுறான் பாரு," என்றார் சல்மியா.

"நீங்கதான் நோன்பு தொறந்துட்டீங்களே, புவான். நான் பாத்தேனே, மூணு பேரு சோத்த ஒரே ஆளா."

அந்த அம்மா துணிப்பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். நானும் சிரித்தேன். அன்று இரவு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

ஏற்பாடு இதுதான். சல்மியா வடக்கு முனைக்குப் போய், காரின் முன்னால் கேமராவைப் பொருத்திக்கொண்டு, சாதாரண வேகத்தில் ஓட்டி வருவார். வோங் தெற்கு கேட்டில் நிற்பான். நான் வளைவில் நின்று, கார் வெளிச்சத்தில் அறிவிப்புப் பலகைகள் சரியாக மின்னுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்று பேர் கையிலும் வாக்கி டாக்கி.

10.20க்கு என்னை வளைவில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

காற்று இல்லை. தவளைச் சத்தம் காதைக் கிழித்தது. என் முதுகுக்குப் பின்னால் பழைய சாலையின் விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் ஒப்புக்கொள்ள வேண்டி வருமே. அந்த அளவுக்கு வீம்பு எனக்கு.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று நகர்ந்திருந்தது. குட்டையில் தூண்டில் போட வருகிறவர்கள் மோட்டார் சைக்கிள் நுழைகிற அளவுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். தள்ளிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர், அசையவில்லை. காலையில் வோங்கிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

10.37. தவளைச் சத்தம் நின்றது.

ஒவ்வொன்றாக அடங்கவில்லை. யாரோ கையால் பொத்தியதுபோல ஒரேயடியாக.

வடக்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது. சல்மியா கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் ஒரே ஒரு விளக்கு. அந்தம்மா காரில் ஒரு பல்பு போய்விட்டது போலிருக்கிறது, நாளைக்கு இதை வைத்து நாலு பேர் முன்னால் கிண்டல் செய்யலாம் என்றுகூட நினைத்தேன்.

வெளிச்சம் நெருங்கியது. சத்தம் இல்லை.

எஞ்சின் சத்தம் இல்லை. டயர் சத்தமும் இல்லை.

வளைவு நெடுகிலும் மஞ்சள் கறுப்பு அம்புப் பலகைகள் இருக்கின்றன. புத்தம் புதியவை. சின்ன டார்ச் அடித்தாலே பளீரென்று மின்னும். அதைப் பார்க்கத்தானே நான் நிற்கிறேன். அந்த விளக்கு நேராக அவற்றின் மேல் விழுந்தது.

பலகைகள் மின்னவில்லை.

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். வெளிச்சம் பட்டால் ஜொலிக்கிற பச்சைச் சட்டை. அதிலும் ஒன்றும் இல்லை. விளக்கு என் மேல்தான் விழுகிறது... சட்டை இருட்டாக இருக்கிறது.

மோட்டார் சைக்கிள் ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது.

ஓட்டுகிறவன் தலைக்கவசக் கண்ணாடியை முழுக்க இறக்கியிருந்தான். பின்னால் ஒரு பெண், முக்காடு போட்டவள். நடுவில் ஒரு சிறுவன். ஐந்து வயது இருக்கும். முகத்தில் கறுப்பு மையால் பூனை மீசை வரைந்திருந்தார்கள். தலையில் அட்டையில் செய்த இரண்டு காது. பாலர் பள்ளி ஆண்டு விழாவுக்கு வேஷம் கட்டுவார்களே, அப்படி.

"அண்ணே," என்றாள் அந்தப் பெண். "ரோடு எந்தப் பக்கம் போவுது?"

எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது.

"ரோடு இன்னும் தொறக்கவே இல்ல. எப்படி உள்ள வந்தீங்க? கேட்டுல ஆள் இல்ல?"

"எப்பவும் இப்படித்தானே போறோம்," என்றாள்.

எப்பவுமா? நேற்றுதான் இந்தச் சாலையில் கோடே போட்டு முடித்தார்கள்...

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சொட்... சொட்... சொட்...

வண்டியிலிருந்து தண்ணீர். புகை வர வேண்டிய குழாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் முக்காட்டிலிருந்தும். பையனின் அட்டைக் காதிலிருந்தும். ஒரு வாரமாக மழையே இல்லை.

"அம்மா, குளுருது," என்றான் பையன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. சல்மியாவின் குரல். "மிஸ்டர் தயா, நான் இன்னும் கெளம்பல. கேமரா மக்கர் பண்ணுது. அஞ்சு நிமிஷம்."

"புவான்... உங்க கேட்டத் தாண்டி... வண்டி எதாச்சும்..."

"ஒண்ணும் வரலையே. நான் கேட்டுலதான் நிக்கிறேன். ஏன்?"

"அண்ணே. ரோடு எந்தப் பக்கம் போவுது?"

அதே குரல். அதே ஏற்ற இறக்கம். ஒரு இழைகூட மாறவில்லை.

இடப்பக்கம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். கையைக் காட்டினால்கூடப் போதும்.

வாய் வரவில்லை.

ஓட்டுகிறவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

கண்ணாடிக்குள் முகம் இல்லை.

தண்ணீர்.

கழுத்திலிருந்து உச்சிவரை... நிறைந்த தண்ணீர். பழுப்பாக. அதில் ஏதோ மெல்ல அசைந்தது.

கத்தினேன்.

ஓடினேன்.

எவ்வளவு தூரம் ஓடினேன், தெரியாது. சாலையோர வடிகாலில் கால் தடுக்கி விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. எழவில்லை. பின்னால், முதல் முறையாக, எஞ்சின் சத்தம் கேட்டது. சாதாரண மோட்டார் சைக்கிள் சத்தம். கிளம்பியது. வளையவில்லை. நேராகப் போனது. பிளாஸ்டிக் தடுப்பில் ஏதோ உரசியது. அப்புறம் அந்தப் பெண் ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

தொபீர்.

அதோடு எல்லாம் நின்றது.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இத்தனை வருடம் தொண்டையில் நின்றது. அந்த நிமிஷம் அவர்கள் பேயா மனுஷரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கண்ட காட்சி ஒரு பக்கம். ஆனால் காதில் விழுந்தது ஒரு குடும்பம் தண்ணீரில் விழுந்த சத்தம். அதில் ஒரு குழந்தை. மனுஷனாகப் பிறந்தவன் என்ன செய்வான்? குட்டைப் பக்கம் ஓடுவான். எனக்கு நன்றாக நீந்தவும் தெரியும். நான் வடிகாலுக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு, "முருகா, முருகா" என்று சுருண்டு கிடந்தேன். சீ.

10.51க்கு சல்மியாவின் கார் வந்து நின்றது. தெற்கிலிருந்து வோங்கும் ஓடி வந்தான். கத்தும்போது வாக்கி டாக்கிப் பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கிறேன். நான் அலறியது, முருகனைக் கூப்பிட்டது, அழுதது எல்லாம் இரண்டு கேட்டிலும் காவலாளிகள் வரை கேட்டிருக்கிறது.

"என்ன பாஸ், பாம்பா?" என்றான் வோங். அவன் முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. "பொம்பளப் புள்ளகூட இப்படிக் கத்தாது லா."

"குட்டைல... ஆளு விழுந்துட்டாங்க. மூணு பேரு."

அவன் சிரிப்பு போய்விட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பழைய சாலையில் ஓடினான். சல்மியாவும் ஓடினார். நான் காருக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

சற்று நேரத்தில் திரும்பி வந்தார்கள். குட்டை முழுக்க ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது, ஓர் இலைகூடக் கலையவில்லை என்றார்கள். அந்த வண்டி நின்ற இடத்தைக் காட்டினேன். அவ்வளவு தண்ணீர் வழிந்த இடம். வோங் குனிந்து கையால் தடவிப் பார்த்தான். தூசிதான் ஒட்டியது.

சல்மியா என்னை ஒன்றும் கேட்கவில்லை. காரில் முன்சீட்டில் உட்காரச் சொன்னார். "வேல முடியல. ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுப் போயிடலாம். நீங்க ரோட்ட மட்டும் பாருங்க."

வடக்கு முனைக்குப் போய்த் திரும்பினோம். அவர் எண்பதில் ஓட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். தூரத்தில் மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. வரிசையாக, ஒழுங்காக, நம் வீட்டு வாசல் வரை கொண்டு போய்விடும் என்பதுபோல. பார்த்ததும் மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆமாம், நிம்மதி. அம்புப் பலகைகள் கண்ணில் பட்டன, ஆனால் அவை ஓரத்தில் ஏதோ கடை விளம்பரம்போல இருந்தன. கார் லேசாக இடப்பக்கம் திரும்பியது.

"எங்க போறீங்க?" என்று நான் கத்தினேன். "நேரா! நேரா போங்க!"

சல்மியா பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினார்.

அந்தச் சாலையை வரைந்தவன் நான். அந்த வளைவின் ஒவ்வொரு அளவும் எனக்கு மனப்பாடம். அவரை நேராகக் குட்டைக்குள் போகச் சொன்னதும் நானே.

"அதான்," என்றார் அவர், மெதுவாக. காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு அத்தனை கேவலமாக இருந்திருக்காது.

மறுநாள் காலை 'ஏற்கவில்லை' என்பதை அடித்துவிட்டு 'ஏற்கிறோம்' என்று எழுதினேன். வேலை முடியும்வரை திறக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதினேன். முதலாளி கத்தினார். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். ஹரி ராயா போய், இன்னும் இரண்டு மாதம் போய், பிறகுதான் திறந்தார்கள். அதற்குள் பழைய சாலைத் துண்டைப் பெயர்த்து எடுத்தோம். நகராண்மைக் கழகம் கம்பங்களைப் பிடுங்கியது. வாயை மண்மேடு போட்டு அடைத்து, மேலே மரம் வைத்தோம். இப்போது அந்தப் பக்கம் பார்த்தால் இருட்டும் மரமும்தான் தெரியும். வண்டிகள் தானாக வளைகின்றன.

வளைவில் விபத்தே இல்லை என்று கொஞ்ச நாளில் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். வெளியாள் தணிக்கையின் பலன் என்று ஒரு கருத்தரங்கில் என்னையே பேசக் கூப்பிட்டார்கள். தன் தவறைத் தானே திருத்திக்கொண்ட பெரிய மனசுக்காரர் என்று சொல்லி மாலை வேறு. கீழே சல்மியா உட்கார்ந்திருந்தார். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் வந்தார்.

"அன்னிக்கி என்ன பாத்தீங்க?"

"வெளக்கத்தான், புவான்."

"வெளக்கப் பாத்துட்டு யாரும் அப்படிக் கத்த மாட்டாங்க, மிஸ்டர் தயா." தன் தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்தார். "சரி விடுங்க. எதப் பாத்துத் திருத்துனா என்ன, திருத்துனீங்களே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறிவால் திருத்தவில்லை, பயத்தால் திருத்தினேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அதை வெளியில் சொல்லாமல் விட்டதுதான் இன்னும் கூசியது. மாலையைக் காரின் பின்சீட்டில் போட்டுவிட்டு வந்தேன்.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வண்டியின் நம்பர் எனக்குத் தெரியும். ஓடுவதற்கு முன் கண்ணில் பட்டு, அப்படியே மண்டையில் பதிந்துவிட்டது. அந்த வாரமே வோங்கிடம் மட்டும் சொன்னேன். அவன் முதல் காரியமாக அதை நாலு நம்பர் லாட்டரிக் கடையில் கட்டினான். விழவில்லை.

"உங்க பேய்க்குக்கூட ராசி இல்ல, பாஸ்."

பிறகு அவனுக்குத் தெரிந்த ஒருவர், வாகனப் பதிவு வேலை பார்க்கிறவர், தேடிப் பார்த்துச் சொன்னார். அப்படி ஒரு வண்டி இல்லை. முன்பு இருந்ததும் இல்லை. அந்த எழுத்து வரிசையே இன்னும் வெளியாகவில்லை, அது வர இன்னும் சில வருடம் ஆகும் என்றார். அன்றிலிருந்து வோங் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நம்பரை நான் இங்கே எழுத மாட்டேன். நீங்களும் கட்டப் போய்விடுவீர்கள்.

போன வருடக் கடைசி. வேலையாகத் தெமாலாங் போயிருந்தேன். சாயங்காலம் டவுனில் வாழைப்பழம் பொரித்து விற்கிற கடையில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு பையன். எஞ்சின் சத்தம் நன்றாகவே கேட்டது. வண்டி காய்ந்திருந்தது. நான் நம்பரைப் பார்த்தேன்.

அதே நம்பர்.

கையிலிருந்த பலகாரம் கீழே விழுந்தது.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். சாதாரண முகம். வெயிலில் கறுத்த, சிரித்த முகம். ஸைடி என்று கடைக்காரி கூப்பிட்டாள். "ஸைடி, புதுவண்டி ஓட்டுற நாள்லேர்ந்து கடைப் பக்கமே காணோமே? ரொம்பப் பெரிய ஆளாயிட்ட!" என்று வம்பிழுத்தாள்.

"எங்க வர்றது அக்கா, இவன் ஸ்கூல் விழாவுக்கு வேஷம் தைக்கவே எல்லாம் போயிடுச்சி. தொரை பூனையா நடிக்கிறாரு," என்றான்.

"அடுத்த வாரம்," என்றாள் அவன் பெண்டாட்டி. அந்தக் குரல்.

நான் எழுந்தேன். போய்விட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். மூன்று பேரும் உயிரோடு, என் கண் முன்னால், பலகாரம் வாங்குகிறார்கள். அந்தக் கம்பங்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தால், அடுத்த வாரம் விழா முடிந்து வருகிற இரவில் நேராகக் குட்டைக்குள் போயிருப்பார்கள். சந்தோஷப்பட வேண்டியவன். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பையன் என்னை உற்றுப் பார்த்தான். ஐந்து வயது. அந்த இரவு நடந்தபோது அவன் பிறக்கவே இல்லை.

"அம்மா," என்று அவள் கையை இழுத்தான். "இவருதாம்மா. நம்மளப் பாத்துக் கத்திட்டு ஓடுனாரே."

"டேய், பெரியவங்களப் பத்தி அப்படிப் பேசக் கூடாது." அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "மன்னிச்சிக்குங்க அண்ணே. வாயத் தொறந்தா கதைதான் இவனுக்கு."

"கதை இல்ல. நீதானே வழி கேட்ட? இவரு சொல்லவே இல்ல."

"அப்படியா?" என்றாள், விளையாட்டாக. அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "வழி சொல்லலன்னா அப்புறம் எப்படிடா நாம வீட்டுக்குப் போனோம்?"

பையன் பலகாரத்தை ஒரு கடி கடித்தான். மென்றுகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னான்.

"போகலையேம்மா."